முள்ளோடை பக்கம் பூட்டிக் கிடக்கும் பழைய பார்: ஏன் மூடியிருப்பார்கள்?

பாகூரான்:
புதுச்சேரி–கடலூர் ரோட்டில், முள்ளோடையில் உள்ள தமிழ்நாட்டு எல்லைக்குச் சற்று முன்னால் ரோட்டை ஒட்டி ஒரு பழைய பார் பூட்டிக் கிடக்கிறது. கீழே ஒயின்ஸ், மேலே ஏசி ஹால். சன்ஷேடு பாதி விழுந்து கம்பி தெரிகிறது. பார்டர் கடை என்றாலே கூட்டம்தானே, இது எப்படிப் படுத்தது? கட்டடம் இன்னும் தேறுமா?

எல்லைக்கல்:
வியாபாரம் இல்லாமல் மூடியது போலத் தெரியவில்லை. தமிழ்நாடு 1971-இல் மதுவிலக்கைத் தளர்த்தி 1974-இல் மறுபடி கொண்டுவந்தபோது புதுச்சேரிப் பக்கம் மதுவிலக்கே கிடையாது. 2003-இல் டாஸ்மாக் சில்லறை விற்பனைக்கு வந்த பிறகும் விலை வித்தியாசம் கூட்டத்தை இழுத்தது.

அடி விழுந்தது 2016 டிசம்பர் 15-இல். நெடுஞ்சாலையின் வெளி விளிம்பிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது உச்ச நீதிமன்றம். 2017 மார்ச் 31-இல், மக்கள்தொகை 20,000-க்கு மேற்படாத உள்ளாட்சிகளுக்கு மட்டும் அதை 220 மீட்டராகக் குறைத்தது. பாருக்கும் தடை உண்டு என்று தெளிவாக்கியது. ஜூலையில் நகராட்சிப் பகுதிகளுக்கு விலக்கு வந்தது. நகரத்தை ஒட்டிய ஊராட்சிகளுக்கும் அந்த விலக்கு உண்டா என்பதை மாநில அரசே முடிவு செய்யலாம் என்று சொல்ல 2018 பிப்ரவரி ஆனது. அதுவரை வாடகை கட்டிக் காத்திருக்க எத்தனை பேரால் முடியும்? உரிமத்தை ஊருக்குள் மாற்றிக்கொண்டு போனவர் திரும்பாவிட்டால் கட்டடம் அநாதைதான். தப்பியவர்களுக்கு 2020 மே மாதம் இன்னொரு அடி: கொரோனா சிறப்பு வரியால் சரக்கு விலை தமிழ்நாட்டு அளவுக்கு ஏறியது, உட்கார்ந்து குடிக்கவும் அப்போது அனுமதி இல்லை.

சென்ட்ரிங்:
கட்டடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சன்ஷேடு முதலில் விழுவது உப்புக்காற்றின் வேலை. கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் (கவர்) 20 மி.மீ. கூட இருக்காது, துரு ஏறினால் கம்பி பருத்து அந்தக் கான்கிரீட்டைத் தள்ளிவிடும். சன்ஷேடு போனால் போகட்டும், கூரைத் தளத்தைப் பாருங்கள். சுத்தியலால் தட்டினால் 'டொக் டொக்' என்று பொள்ளல் சத்தம் வரும் இடங்களில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். கான்கிரீட்டைப் புதிதாக உடைத்த முகத்தில், காரத்தன்மையை நிறத்தால் காட்டும் பினாப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். இளஞ்சிவப்பு ஏறினால் காரத்தன்மை மிச்சமிருக்கிறது. நிறமே வராவிட்டால் கம்பிக்குப் பாதுகாப்பு போய்விட்டது. சிவந்தாலும் கடலோரத்தில் நிம்மதியாக இருக்க முடியாது. உப்பு தனியாகவே கம்பியைத் தின்னும், அதற்குக் குளோரைடு சோதனை வேண்டும். மேல்பூச்சு பூசி மறைப்பதுதான் பெரிய தப்பு: உள்ளே துரு நடந்துகொண்டே இருக்கும், இரண்டு மழைக்குள் பூச்சோடு சேர்ந்து விழும்.

பாகூரான்:
நன்றி. எந்த வருடம் யாரிடம் இருந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லைக்கல்:
சர்வே எண்ணை வைத்து பாகூர் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போடுங்கள். 11 மாத வாடகை ஒப்பந்தத்தைப் பதிந்திருக்க மாட்டார்கள், அதனால் கடை நடத்தியவர் பெயர் அதில் வராது. அதற்குக் கலால் துறைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் தனி மனு போடுங்கள். 'பார் ஏன் மூடியது' என்று கேட்டால் பதில் வராது. 'இந்த முகவரியில் இருந்த உரிமம் எந்தத் தேதியில் எந்த முகவரிக்கு மாறியது, உத்தரவின் நகல் தருக' என்று ஆவணமாகக் கேளுங்கள்.