எடுத்த பிறகுதான் "கேன்சர் இல்லை" என்றார்கள்

வலதுகிட்னி:
வலது கிட்னியில் 2.6 செ.மீ. கட்டி. வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் மாட்டியது. கேன்சராக இருக்கலாம் என்றார்கள், மிச்சக் கதை உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். கட்டி இருந்த பகுதியை மட்டும் எடுத்தார்கள். பத்தாம் நாள் தையலைக் காட்டப் போனபோது டாக்டர், எடுத்த கட்டியைச் சோதித்த பெத்தாலஜி ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பி வைத்து, "ஆங்கோசைட்டோமா. கேன்சர் இல்லை, சந்தோஷப்படுங்க" என்றார். மனைவி அழுதே விட்டாள். நான் சட்டைக்கு மேலேயே தையலைத் தடவிக்கொண்டு, "அப்ப இது எதுக்கு சார்?" என்றேன். அவர் வாயைத் திறப்பதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார். எட்டு மாதம் ஆகிறது.

தாழ்வாரம்:
எனக்கும் கிட்னியில் கட்டி, 1.8 செ.மீ. வெட்டுவதற்கு முன்னால், ஊசியால் திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்சி கேட்டேன். முதல் தடவை திசு போதவில்லை. இரண்டாம் தடவை, "ஆங்கோசைட்டோமாவாக இருக்கலாம், குரோமோபோப் என்ற வகைக் கேன்சராகவும் இருக்கலாம்." இதற்கா இரண்டு முறை குப்புறப் படுத்தேன்! மூச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு அந்த ஊசியை 'டக்' என்று விடுவார்களே, இன்றைக்கும் பக்கத்தில் யாராவது ஸ்டேப்ளர் அடித்தால் முதுகு சுருங்குகிறது. கட்டி உள்ளேயேதான் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன்.

பழையகணக்கு:
வலதுகிட்னி சார், டாக்டரைக் குறை சொல்வது சரியில்லை. என் அண்ணனுக்கு 2.4தான், கிளியர் செல் என்ற வகைக் கேன்சர் என்று வந்தது. கட்டிக்குள் கொழுப்பு தெரிந்தால் ஆஞ்சியோமயோலிப்போமா (இதுவும் கேன்சர் இல்லாத கட்டிதான்) என்று சி.டி. ஸ்கேனிலேயே பெரும்பாலும் சொல்லிவிடலாம். கொழுப்பு தெரியாவிட்டால்தான் வம்பு. ஆங்கோசைட்டோமாவும் கேன்சரைப் போலவே ஸ்கேனுக்காக ஊசியில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றுக்கொண்டு பளிச்சென்று நிற்கும். நடுவில் நட்சத்திரம் மாதிரி தழும்பு இருந்தால் நல்ல கட்டி என்பார்கள், அதை நம்ப வேண்டாம், கேன்சரிலும் அது வரும். 4 செ.மீ.க்கு உட்பட்டு எடுக்கப்படும் கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று கேன்சர் இல்லாததுதான். அளவு சிறியதாக ஆக அந்த வாய்ப்பு கூடும். தாழ்வாரம், நீங்கள் செஸ்டாமிபி ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். இதய ஸ்கேனுக்குப் பயன்படுத்தும் அதே டெக்னீசியம் என்ற கதிரியக்க மருந்துதான். ஆங்கோசைட்டோமா செல்களில், செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா நிரம்பிக் கிடப்பதால் மருந்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கிளியர் செல் பெரும்பாலும் அப்படிச் செய்யாது. என்ன, குரோமோபோப்பிலும் சில இழுத்துக்கொள்ளும், அதனால் முழுசாக நம்ப முடியாது. எந்த ஸ்கேன் எடுத்தாலும் பழைய படங்களைக் கையோடு கொண்டுபோங்கள், ரிப்போர்ட் மட்டும் போதாது. அளந்தவர் மாறினாலே ஒன்றிரண்டு மி.மீ. மாறும், அதைப் பார்த்து வளர்ந்துவிட்டதென்று பதறாதீர்கள். சிகரெட் இருந்தால் விடுங்கள். பி.பி. பாருங்கள்.

தாழ்வாரம்:
நான் சிகரெட்டே பிடிப்பதில்லை. அண்ணன் இப்போது எப்படி இருக்கிறார், அதைச் சொல்லவே இல்லையே?

வலதுகிட்னி:
டாக்டர் மேல் கோபம் இல்லை சார். ஐந்தில் ஒன்று என்று முன்பே சொல்லியிருந்தாலும் எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் சொல்லவில்லையே.