நமக்கு ஒரு ‘ஸ்டேட் ஃபேர்’ இருக்கிறதா? நுவரெலியா சீசன்தான் அதுவா?

லிந்துலைத் தம்பி:

இலங்கை மலையகத்து உறவுகள் எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணன் அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில், டி மொயின் என்ற ஊரில் வேலை செய்கிறார். ஒவ்வொரு ஆகஸ்ட் மாதமும் அங்கே ஸ்டேட் ஃபேர் என்று ஒன்று பதினொரு நாள் நடக்கும், அந்த நாட்களில் படம் அனுப்பியே என் போனை நிரப்பிவிடுவார். கண்ணாடி போட்ட குளிரறைக்குள் முழுக்க வெண்ணெயில் செய்த ஒரு பசுமாடு நிற்கும். 1911இலிருந்து அந்த வெண்ணெய் மாடு இருக்கிறதாம். நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாத பூசணிக்காயைக் கொண்டுவந்து தராசில் வைப்பார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தாங்களே வளர்த்த கன்றுக்குட்டியைக் குளிப்பாட்டி, சீவி, நடுவர் முன்னால் நடத்திக்கொண்டு போவார்கள். ஜாம் போத்தல், ஊறுகாய், வீட்டில் தைத்த போர்வை என்று எதற்கும் போட்டி இருக்கிறது, முதலாவதாக வந்தால் ஒரு நீல ரிப்பன். ரிப்பன் மட்டும்தானா என்று நான் சிரித்தேன்.

அப்புறம் தேடிப் பார்த்தால் 1854இல் தொடங்கிய விழா அது. முதலில் ஊர் ஊராக மாறி மாறி நடந்திருக்கிறது, 1886இலிருந்து ஒரே மைதானம். உலகப் போர் நேரம் 1942 முதல் 45 வரை நடத்தவில்லை, 2020இல் கொரோனாவால் நின்றது. அந்த மாநிலத்தின் சனத்தொகையே முப்பது லட்சத்துச் சொச்சம், ஃபேருக்கு வருகிறவர்கள் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல்.

அண்ணன் ஒன்று சொன்னார். வேலைத்தளத்தில் பக்கத்து மேசைக்காரரோடு இரண்டு வருடம் காலநிலையைத் தவிர வேறெதுவும் பேசியதில்லையாம். ஃபேர் வந்ததும் அந்த ஆள் தன் பாட்டி தக்காளிச் சட்னிக்கு வாங்கிய ரிப்பனைப் பற்றி அரை மணித்தியாலம் பேசியிருக்கிறார். “நீங்கள் என்ன வளர்ப்பீர்கள்?” என்று திருப்பிக் கேட்டபோது அண்ணனுக்குப் பதில் வரவில்லை. உலகம் முழுக்கக் குடிக்கிற தேயிலையைப் பறித்த குடும்பம், ஆனால் “நாங்கள் வளர்த்தது” என்று சொல்ல வாய் வரவில்லை என்றார்.

ஏப்ரல் மாதம் குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி என்று நடக்கிற நுவரெலியா சீசன்தான் நமக்கு ஃபேர் என்று அம்மா சொல்கிறா. எனக்கு ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை, ஆனால் ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நானுஓயா வான்காரன்:

தம்பி, அம்மா சொன்னது சரி. சீசனைக் குறை சொல்கிறவர்கள் ஏப்ரல் மாதம் வீட்டுக்குள் இருப்பவர்கள்.

நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். ஏப்ரல் முதலாம் திகதி காலையில் பள்ளிக்கூட பேண்ட் வாத்தியம் ரோட்டில் இறங்கினால்தான் எங்களுக்குப் புது வருடம் தொடங்கும், பஞ்சாங்கம் என்ன சொன்னாலும் சரி. வெள்ளைக்காரன் தன் சுகத்துக்குத் தொடங்கியதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆளுநர் கிரெகரி 1873இல் வாவி கட்டினார், இரண்டு வருடத்தில் குதிரைப் பந்தயத் திடல் வந்தது, மஹகஸ்தோட்டை மலையேற்றக் கார் ஓட்டம் 1934இல் வந்தது. ஆனால் அவன் போய் எவ்வளவு காலம்! இப்போது வாவிக்கரையில் யார் நிற்கிறார்கள் என்று வந்து பாருங்கள். ராகலையிலிருந்தும் சாமிமலையிலிருந்தும் குடும்பமாக வான் பிடித்து, சோற்றுப் பார்சலோடு வருகிறார்கள். பிள்ளைக்குத் தும்பு முட்டாசு, பாட்டிக்குக் கம்பளித் தொப்பி, பொடியன்களுக்கு மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் பார்க்க டிக்கெட். நானே அப்படிப் போய்த்தான் வளர்ந்தேன். அப்பாவின் தோளில் உட்கார்ந்து குதிரை ஓடுவதைப் பார்த்தேன், எந்தக் குதிரை வென்றது என்று இன்றைக்கும் தெரியாது.

அப்புறம் வயிற்றுப்பாடு. ஏப்ரலில் உழைத்துத்தான் ஆவணி வரைக்கும் என் வானுக்கு லீசிங் கட்டுகிறேன். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்தது, அன்று மாலையே போட்டிருந்த எல்லா ஓட்டமும் ரத்து. அடுத்த வருடம் ஊரடங்கு. 2022இல் பெட்ரோல் வரிசையில் வானுக்குள்ளேயே படுத்திருந்தேன். சீசன் இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. பனியும் நாயும்தான் ரோட்டில்.

பசறை டீச்சர்:

வான்காரத் தம்பி சொல்வதில் பொய் இல்லை. ஆனாலும் லிந்துலைத் தம்பிக்கு ஏன் மனம் ஒப்பவில்லை என்று எனக்கு விளங்குகிறது, அதற்கு என் அப்பா கதையைத்தான் சொல்ல வேண்டும்.

நான் கல்யாணம் கட்டி வந்த ஊர்தான் பசறை, பிறந்தது நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில். அப்பாவுக்குத் தோட்டத்தை நடத்துகிற துரையின் பங்களாவில் பூந்தோட்ட வேலை. ஏப்ரல் மலர்க் கண்காட்சிக்கு அவர் முந்தின வருடமே தயாராகத் தொடங்குவார். டேலியாக் கிழங்கைத் தோண்டி எடுத்து, காயவைத்து, மரத்தூளுக்குள் புதைத்து வைப்பார், எங்கள் லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) மழை ஒழுகாத ஒரே மூலை அந்தப் பெட்டிக்குத்தான். செடி வளர்ந்ததும் பக்கத்து மொட்டையெல்லாம் கிள்ளி எறிந்துவிட்டு ஒரே ஒரு மொட்டை விடுவார். அது விரிகிற வாரம் மழை வந்தால் பழைய குடையைக் கம்பில் கட்டிச் செடிக்குப் பிடித்துவிட்டு, இவர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பார். பூ என் முகத்தை விடப் பெரிதாக வரும்.

ஒரு வருடம் அந்தப் பூவுக்குக் கிண்ணம் கிடைத்தது. விக்டோரியா பூங்காவில் பூவுக்குப் பக்கத்தில் ஒரு அட்டை, அதில் பங்களாவின் பெயரும் துரையின் பெயரும். கிண்ணம் பங்களா வரவேற்பறைக்குப் போனது. அதை வாரத்துக்கு ஒரு தடவை துடைத்து மினுக்குகிற வேலை அம்மாவுக்குக் கிடைத்தது! துரை நல்ல மனுசன்தான், அப்பாவுக்குக் கைநிறையக் காசு கொடுத்தார், அப்பாவும் அதைக் குறையாகச் சொன்னதே இல்லை. ஆனால் அந்த அட்டையை நான் வாசித்தேன். அப்போதுதான் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியிருந்தேன், அப்பாவின் பெயரைத் தேடித் தேடி அட்டையின் பின்பக்கம் கூடத் திருப்பிப் பார்த்தேன்.

அயோவாவில் அந்தப் பிள்ளை தன் கன்றுக்குட்டியோடு தானே நடந்து வருகிறது, பாட்டியின் சட்னிக்குப் பாட்டியின் பெயரில் ரிப்பன் கிடைக்கிறது. நான் கவனிப்பது அதைத்தான். ராட்டினமும் மிட்டாயும் எந்த ஊரிலும் இருக்கும். சீசனில் நாம் போய்ப் பார்க்கிறோம், விற்கிறோம், கூட்டுகிறோம், பூ வளர்க்கிறோம். மேசையில் நம்முடைய பெயர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

மாத்தளை மாமா:

டீச்சர் எழுதியதை வீட்டுக்காரிக்கு வாசித்துக் காட்டினேன், கண் கலங்கிவிட்டா.

நீங்கள் எல்லோரும் மேலே நுவரெலியாவையே பார்க்கிறீர்கள். கொஞ்சம் கீழே இறங்கி மாசி மகத்துக்கு மாத்தளைக்கு வாருங்கள். முத்துமாரியம்மன் கோவில் பஞ்சரத பவனி, ஐந்து தேர், நகரமே நிற்கும். நமது பாட்டன் பூட்டன்மார் இந்தியாவிலிருந்து வந்து தலைமன்னாரில் இறங்கிக் காட்டு வழியே நடந்து வந்து சேர்ந்த இடம் இந்த மாத்தளைதான். வழியில் செத்தவர்கள் போக மீதிப் பேர் இங்கிருந்துதான் மலைகளுக்குப் பிரிந்து போனார்கள். இருநூறு வருட நினைவுக்காக 2023இல் தலைமன்னாரிலிருந்து நடைபயணம் வந்தார்களே, அதையும் இங்கே கொண்டுவந்துதான் முடித்தார்கள். நான் இடையில் போய்ச் சேர்ந்து நடந்தேன், முழங்கால் இன்னும் பேசுகிறது.

83 கலவரத்தில் இந்தக் கோவிலும் எரிந்தது. திரும்பக் கட்டினோம். இன்றைக்கு 108 அடி ராஜகோபுரம் நிற்கிறது, தேர் ஓடுகிற அன்று சிங்கள ஆட்களும் தட்டு வாங்கிக்கொண்டு அர்ச்சனைக்கு நிற்கிறார்கள். எந்தத் தோட்டம், என்ன வேலை என்று வடம் பிடிக்கிறவனை யாரும் கேட்பதில்லை. பழைய விழா என்று இதைச் சொல்லாமல் குதிரைப் பந்தயத்தைச் சொல்கிறீர்களே!

ஹட்டன் பொடியன்:

மாமா, தேர் பெரிய விசயம்தான், கும்பிடுகிறேன். ஆனால் அங்கே பெருமை அம்மனுக்கு. டீச்சர் கேட்கிறது ஆளுக்கு.

என்னைக் கேட்டால் டீச்சர் சொல்கிற மாதிரி ஒன்று நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது, நாம்தான் விட்டுக்கொண்டிருக்கிறோம். காமன் கூத்து, சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடிப் பாடுவது. மாசியில் கம்பம் ஊன்றினால் லயம் முழுக்க ஒரே பேச்சு, இந்த வருசம் மதன் யார், ரதி யார், போன வருசத்துக்காரன் குரல் எப்படி, தப்பு அடிக்கிறவன் கை எப்படி. நடுவர், ரிப்பன் எதுவும் கிடையாது, ஆனால் மதன் எரிகிற இரவு சரியாகப் பாடாதவன் அடுத்த மாசி வரைக்கும் கடைப்பக்கம் போக முடியாது. என் சித்தப்பா முப்பது வருடத்துக்கு முன்னால் ரதி வேசம் கட்டினார், இன்றைக்கும் எங்கள் டிவிசனில் அவர் பெயர் ரதிதான்.

பிரச்சினை என்னவென்றால் நாங்கள் யாரும் அங்கே இல்லை. நான் கொழும்பில் புடவைக் கடையில் நிற்கிறேன். மாசியில் முதலாளியிடம் போய் “காமன் கூத்துக்கு லீவு வேண்டும்” என்று கேட்டால் சிரிப்பார். தீபாவளி, தைப்பொங்கல், சித்திரை, அப்புறம் தோட்டத் திருவிழா, இவ்வளவுதான் ஊருக்கு வருகிறோம். திருவிழாவைக்கூட இப்போது நீண்ட வார இறுதி பார்த்துத்தான் வைக்கிறார்கள். அயோவாக்காரனுக்கு ஆகஸ்ட் என்றால் ஆகஸ்ட். நமக்கு லீவு கிடைக்கிற நாள்தான் நல்ல நாள்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். போட்டி, பரிசு என்று நீங்கள் ஏதாவது தொடங்கினால் அடுத்த நிமிடம் மேடை வரும், மேடை வந்தால் தலைவர் வருவார், அவர் வர மூன்று மணித்தியாலம் பிந்தும், அதுவரை பிள்ளைகள் மாலையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டும். பொன்னாடை போர்த்தி முடிகிறபோது மழை வந்துவிடும்.

பசறை டீச்சர்:

ஹட்டன் தம்பி, நானும் அந்த மாலையோடு நின்ற பிள்ளைதான். மேடையே வேண்டாம், மேசை போதும். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடுகிற பிரட்டுக்களத்தில் நாலு மேசை, பிள்ளைகள் கையால் எழுதிய பெயர் அட்டை. சித்திரைக்கு எப்படியும் எல்லோரும் ஊரில் இருப்பீர்கள், வழுக்கு மரமும் தலையணைச் சண்டையும் எப்படியும் நடக்கும், அதே நாளில் வைக்கலாம். லயத்துக்குப் பின்னால் எல்லோரும் லீக்ஸ், கரட், கோவா (முட்டைக்கோஸ்) என்று ஏதோ போட்டுத்தானே இருக்கிறோம். பலகாரமும் வைக்கலாம்.

நானுஓயா வான்காரன்:

டீச்சர், பூவும் வையுங்கள். அப்பா பெயரில் ஒரு மேசை வையுங்கள். டேலியாக் கிழங்கு வேண்டுமென்றால் நான் வானில் கொண்டுவந்து தருகிறேன், கூலி வேண்டாம். சீசன் நேரம் என்பதால் விடியற்காலையில் வந்து இறக்கிவிட்டு ஓடிவிடுவேன்.

லிந்துலைத் தம்பி:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நேற்று இரவு எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மாத்தளை மாமா, உங்கள் பக்கம்தான் அம்மா சேருவா என்று நினைத்தேன், மூன்று தடவை தேர் பார்த்தவ. ஆனால் டீச்சரின் மேசை வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டா.

விசயம் என்னவென்றால், எங்கள் லயத்தில் கடைசிக் காம்பரா அத்தைக்கும் அம்மாவுக்கும் கோவா விசயத்தில் பல வருடமாக ஒரு பேசாத சண்டை. அத்தை சாணி எரு மட்டும்தான் போடுவா, அம்மா தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரிலிருந்து வருகிற தேயிலைத் தூசியையும் கலப்பா. யாருடைய கோவா பெரிது என்று இருவரும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்களே தவிர வாய்விட்டுக் கேட்டதில்லை. “வைக்கட்டும், நிறுத்துப் பார்க்கலாம்” என்றா அம்மா. அண்ணனுக்குச் சொன்னேன், ஏப்ரலில் டிக்கெட் விலை பார்க்கத் தொடங்கிவிட்டார்.

மேசைக்குப் பள்ளிக்கூடத்தில் கேட்கலாம். தராசுக்குத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. கொழுந்து நிறுக்கிற தராசை ஒரு நாளைக்குத் தரச் சொல்லிக் கேட்டுப் பார்க்கட்டுமா?

ஹட்டன் பொடியன்:

கேளுங்கள். ஆனால் கோவாவை வைப்பதற்கு முதல் ஒரு கிலோ சீனிப் பக்கெட்டை வைத்துப் பார்த்துவிடுங்கள். என் அம்மா அந்தத் தராசில் இருபத்தைந்து வருடம் கொழுந்து நிறுத்தவ.