புல்வெட்டி மெஷின்: முன்பு கேட்டதற்கான புதுப்பிப்பு

ஒப்பந்த வேலைக்குத் தாங்குகிற புல்வெட்டி எது என்று போன பருவத்தில் கேட்டிருந்தேன். வீட்டு உபயோக மெஷினின் தகர அடித்தட்டு (பிளேடை மூடியிருக்கும் கூடு) துருப்பிடித்து, சக்கரத்துப் பக்கம் விரிசல் விட்டிருந்த நேரம் அது.

கடைசியில் அலுமினிய வார்ப்பு அடித்தட்டும் ஹோண்டா ஜிஎக்ஸ்வி160 எஞ்சினும் உள்ளதை வாங்கினேன். 163 சிசிதான், ஆனால் சிலிண்டருக்குள் வார்ப்பிரும்பு ஸ்லீவ் (சீக்கிரம் தேயாத உள்ளுறை) இருக்கிறது. தினமும் மணிக்கணக்கில் ஓடும் மெஷினுக்கு அதுதான் முக்கியம். முதல் 20 மணி நேரத்தில் ஆயில் மாற்றினேன். வடித்த ஆயிலை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் வெள்ளிப்பொடி தூவியதுபோல் மினுமினுப்பு. பயந்துவிட்டேன்! புது எஞ்சின் பழகும்போது அப்படித்தானாம். அடுத்த முறை சுத்தமாக வந்தது.

நான் வீண்செலவு என்று நினைத்த பிளேடு கிளட்ச்தான் இப்போது பிடித்த விஷயம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பிளேடை மட்டும் நிறுத்திவிட்டுப் புல் சேரும் பையைக் கொட்டலாம். ஒவ்வொரு முறை பையைக் கொட்டியபின்னும் ஸ்டார்ட் செய்யக் கயிறு இழுக்கும் தோள்வலி போயே போச்சு.

குறை? கனம். வண்டியில் ஏற்றச் சாய்வுப்பலகை இல்லாமல் முடியாது. அப்புறம், ஏர் ஃபில்டரை வாரம் ஒருமுறையாவது தட்டிவிடுங்கள்.