அறுநூறு கெஜத்திலிருந்து மானைச் சுடலாமா?

வணக்கம். அமெரிக்காவில் மொன்டானாவில் இருக்கிறேன். உரிமம் வாங்கி மான் வேட்டைக்குப் போவது இது மூன்றாவது ஆண்டு. (இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம் என்பது தெரியும், திட்ட நினைப்பவர்கள் தனியே திட்டலாம்.) இதுவரை 200 கெஜத்தைத் தாண்டிச் சுட்டதில்லை. கூட வரும் நண்பரோ புது ரைஃபிள் வாங்கிய தெம்பில், 600 கெஜமெல்லாம் ஒரு தூரமா என்கிறார்.

இரும்புத் தகட்டில் அவர் குறி தவறுவதில்லை, உண்மைதான். ஆனால் தகடு நகராதே! அவ்வளவு தூரம் தோட்டா போய்ச் சேர முக்கால் விநாடியாவது ஆகும். அதற்குள் மான் ஓர் அடி எடுத்து வைத்தால், நெஞ்சில் பட வேண்டியது வயிற்றில் படும். மணிக்கு 10 மைல் பக்கக்காற்று தோட்டாவை ஏறக்குறைய இரண்டடி தள்ளிவிடும். பள்ளத்தாக்கின் நடுவில் காற்று எப்படி வீசுகிறது என்று இங்கிருந்து யார் கண்டது? அடிபட்ட மானைத் தேடி அந்தப் பக்கம் ஏறுவதற்குள் இருட்டிவிடும்.

அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்: உங்கள் எல்லைத் தூரத்தை எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? நண்பரிடம் இதை மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? சனிக்கிழமை விடிகாலை கிளம்புகிறோம்.