புதுப்பிப்பு: அப்பாவின் சீன மூலிகை மாத்திரை

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: பினாங்கில் இருக்கும் அப்பாவுக்கு சர்க்கரை நோய், ஓயாத தாகம். பக்கத்து வீட்டு அங்கிள் குவாங்சோவிலிருந்து 'ஷியாவ்கே' மாத்திரை வாங்கி வந்திருக்கிறார், டாக்டர் கொடுத்த சர்க்கரை மருந்தோடு சேர்த்துச் சாப்பிடலாமா என்று. மூலிகைதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

சென்ற வாரம் விடியற்காலை நான்கு மணிக்கு அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பனியன் தொப்பலாக நனைந்து, கை நடுங்கிக்கொண்டிருந்தது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 3.1 mmol/L (சுமார் 56 mg/dL), ரொம்பக் குறைவு. சீனியைக் கரைத்துக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

பெட்டியை அங்கே காட்டினோம். ஷியாவ்கே என்பது சீன மருத்துவத்தில் நீரிழிவின் பழைய பெயர். உடல் தேய்வும் தாகமும் என்று பொருள். மாத்திரையில் குட்சு வேர், ஹுவாங்சி போன்ற மூலிகைகள் எல்லாம் உண்டு. கூடவே ஒவ்வொன்றிலும் 0.25 மில்லிகிராம் கிளிபென்கிளமைடு, சர்க்கரையைக் குறைக்கும் சுத்தமான ஆங்கில மருந்து! பத்து மாத்திரைக்கு 2.5 மில்லிகிராம். அப்பா ஏற்கெனவே அதே இனத்தைச் சேர்ந்த கிளிக்லசைடு எடுப்பவர். சர்க்கரை மறுபடி இறங்கலாம் என்று ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தார்கள்.

இப்போது நன்றாக இருக்கிறார். ஹுவாங்லியன் என்ற இன்னொரு சீன மூலிகையைக் கொடுக்கச் சொன்னவர்களுக்கு: டாக்டரிடம் கேட்காமல் இனி எதுவும் கொடுப்பதாக இல்லை. உங்கள் வீட்டிலும் இந்தப் பெட்டி இருந்தால், சீன எழுத்து படிக்கத் தெரிந்த யாரிடமாவது இன்றே காட்டுங்கள்.