அண்ணனின் பழைய டிஐ-89 போதுமா, புதிதாக கிராஃபிங் கால்குலேட்டர் வாங்கவா?

அரைவட்டம்:
ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலோரியேட்) டிப்ளமாவில் கணிதம், அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ் எடுத்திருக்கிறேன். வரைபடம் வரைந்து காட்டும் கிராஃபிங் கால்குலேட்டர் கட்டாயம் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணனின் டிஐ-89 டைட்டானியம் அலமாரியில் சும்மா கிடக்கிறது. "இன்டகிரலுக்கு விடையை அப்படியே எழுதித் தரும், உன் வகுப்பில் யாரிடமும் இருக்காது" என்று ஆசை காட்டுகிறான். எனக்கோ டிஐ-84 பிளஸ் சிஇ-யின் கலர் திரை மேல் ஒரு கண். கேசியோ எஃப்எக்ஸ்-சிஜி50 என்கிறாள் தோழி. எதை எடுக்கலாம்?

சுண்ணக்கட்டி:
அண்ணன் சொன்னது உண்மைதான், வகுப்பில் யாரிடமும் இருக்காது. தேர்வில் அனுமதி இல்லையே! டிஐ-89 சிஏஎஸ் (கம்ப்யூட்டர் அல்ஜீப்ரா சிஸ்டம்) வகை. எக்ஸை எக்ஸாகவே வைத்துக்கொண்டு காரணிப்படுத்தும், வகையிடும், தொகையிடும். ஐபி கணிதத் தேர்வில் சிஏஎஸ் கூடாது. அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வான ஏசிடியிலும் கூடாது.

பல வருடமாகக் கணக்கு வகுப்பு எடுக்கிறேன். ஒரு தேர்வுக் காலையில் ஒரு பையன் டிஐ-என்ஸ்பயர் சிஎக்ஸ் சிஏஎஸ்ஸோடு வந்து நின்றான். சிஏஎஸ் இல்லாத சிஎக்ஸும் பார்ப்பதற்கு ஏறக்குறைய அதேபோல்தான் இருக்கும், முகப்பில் அந்த மூன்று எழுத்தைத்தான் பார்க்க வேண்டும். வாங்கித் தந்தவர் கவனிக்கவில்லை, நானும் வருடம் முழுக்கக் கவனிக்கவில்லை. கடைசியில் வேறொன்றை இரவல் வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். கணக்கு தெரிந்த பையன், பொத்தான் தேடியே நேரத்தைத் தொலைத்தான். அன்றிலிருந்து முதல் வாரமே எல்லார் கால்குலேட்டரையும் கையில் வாங்கிப் பார்த்துவிடுகிறேன்.

உங்கள் பாடத்தில் முதல் தாளுக்குக் கால்குலேட்டரே கிடையாது. மற்ற இடங்களில் தேவைப்படுவது வரைபடம், வெட்டும் புள்ளி, ஒரு புள்ளியில் சரிவு, வரையறுத்த தொகையீடு, புள்ளியியல். 84 சிஇ, சிஜி50 இரண்டுமே இதையெல்லாம் செய்யும். உங்கள் ஆசிரியர் வகுப்பில் எதில் போட்டுக் காட்டுகிறாரோ அதையே வாங்குங்கள்.

ஒற்றைச்சாவி:
நான் சிஜி50 வைத்திருக்கிறேன். நான்கு ஏஏஏ பேட்டரி போட வேண்டும், பையில் மாற்று செட் இருந்தால் கவலை இல்லை. சிஇ-யை சார்ஜ் போட மறந்தால் அவ்வளவுதான்.

இன்னொன்று. 1÷2பை (π) என்று அடைப்புக்குறி இல்லாமல் ஒரே வரியில் தட்டினால் கேசியோ 2பை-யை முதலில் பெருக்கிவிட்டு வகுக்கும், 0.159 வரும். 84-இல் இடமிருந்து வலமாகப் போய் 1.57 வரும். நண்பனோடு விடையை ஒப்பிட்டு அரை மணி நேரம் சண்டை போட்ட பிறகுதான் இது எனக்குப் புரிந்தது.

அரைவட்டம்:
நன்றி டீச்சர். அப்போ கலர் திரை வெறும் அலங்காரமா? திரை நன்றாக இருந்தால் வரைபடத்தை நம்பலாம் இல்லையா?

சுண்ணக்கட்டி:
மூன்று வளைவுகள் ஒன்றையொன்று வெட்டும்போது கலர் உதவும், மறுக்கவில்லை. ஆனால் நம்பிக்கையைத் திரை மேல் வைக்காதீர்கள். பழைய கறுப்பு வெள்ளை டிஐ-84 பிளஸ் கிடைத்தால் கோண அலகை ரேடியனில் வைத்து, ஜூம் மெனுவில் ட்ரிக் தேர்ந்தெடுத்து, சைன் 49எக்ஸ் வரையச் சொல்லுங்கள். சாதுவாக ஒரு சைன் எக்ஸ் வந்து நிற்கும்! திரையின் அகலமே 96 புள்ளி. ட்ரிக் ஜூமில் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு இடைவெளி பை (π) மதிப்பில் 24-இல் ஒரு பங்கு. அந்த இடைவெளிக்குள் சைன் 49எக்ஸ் ஒரு முழு அலைக்கு மேல் ஆடிவிடுகிறது. கால்குலேட்டருக்கு அந்த ஆட்டம் கண்ணில் படுவதே இல்லை. கிடைத்த புள்ளிகளைக் கோட்டால் இணைத்துவிட்டுப் போய்விடும். 48 போட்டால் இன்னும் வேடிக்கை, நீங்களே பாருங்கள்.

வட்டம் முட்டை மாதிரி வந்தாலும் பயப்பட வேண்டாம், ஜூமில் ஸ்கொயர் கொடுங்கள்.

அரைவட்டம்:
விசாரித்துவிட்டேன், எங்கள் வகுப்பில் 84 சிஇ-தான். தோழியின் அக்காவிடம் கறுப்பு வெள்ளை 84 இருந்தது. 48 போட்டதும் வளைவையே காணோம், எக்ஸ் அச்சோடு அச்சாக ஒட்டிக்கொண்டது! அண்ணனிடம் காட்டினேன், "உன் கால்குலேட்டர் ரிப்பேர்" என்கிறான். அவனுடைய 89-ஐ வீட்டுப்பாடம் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

சுண்ணக்கட்டி:
தாராளமாக. கையால் போட்டு முடித்த பிறகு மட்டும்.