78 ஆர்பிஎம் இசைத்தட்டு: பார்சலில் உடையாமல் அனுப்ப என்ன வழி?

கேள்வி: நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய கிராமபோன் தட்டுகள், 10 அங்குலம், ஆறு இருக்கு. சென்னையிலிருந்து மதுரைக்கு அனுப்பணும். பழைய காகித உறையோடு வைத்து பபிள் ராப் மூணு சுற்று சுற்றினால் போதுமா?

பதில் 1: போதாது சார். இது வினைல் (பிற்காலத் தட்டுகளின் வளையும் பிளாஸ்டிக்) இல்லை, அரக்கோடு கல்தூள் கலந்த தட்டு. வளைந்தால் அங்கேயே உடையும். பபிள் ராப் அடியைத் தாங்கும், வளைவைத் தடுக்காது. நெளி அட்டையை 12 அங்குலச் சதுரமாக வெட்டுங்க. தட்டின் இரு பக்கமும் ரெண்டு ரெண்டு அட்டை. ஒன்றின் வரி நெடுக்கே, இன்னொன்றின் வரி குறுக்கே. அப்போதுதான் எந்தத் திசையிலும் மடங்காது. தட்டு அட்டைக்கு நடுவில் இருக்கணும், நாலு ஓரமும் டேப். உள்ளே நகர்ந்தால் விளிம்பு சில்லு பெயர்ந்துவிடும்.

பதில் 2: பெட்டி 16 அங்குலம் எடுங்க, சுற்றிலும் 2 அங்குலம் இடைவெளி கிடைக்கும். மேலும் கீழும் அதே 2 அங்குலம் விடுங்க. அதில் கசக்கிய செய்தித்தாளை இறுக்கமாக அடைக்கணும். தளர்வாக அடைத்தால் வழியிலேயே அமுங்கி ஒரு மூலை காலியாகிவிடும். மூடிய பிறகு குலுக்கிப் பாருங்க, சத்தமே வரக் கூடாது. ஆறையும் ஒரே பெட்டியில் போடாமல் மூணு மூணாகப் பிரிப்பது நல்லது.

கேட்டவர்: உறை?

பதில் 2: புது உறையில் தட்டு. பழைய உறை தனியாக, அட்டைக்கு வெளியே. தட்டு உள்ளே இருந்தால் பழைய உறையின் ஓரம் கிழியும்.

பதில் 3: வாங்குபவருக்கும் சொல்லிடுங்க: பெட்டியைத் திறக்கும்போது பிளேடை ஆழமாக இறக்கக் கூடாது. வெயிலில் நிற்கும் வண்டியில் விட்டால் அரக்கு இளகி நெளிந்துவிடும்.